காருக்குப் பெயர் உண்டு

1

குடும்ப மலர் என்று ஒரு வகை அச்சுச் சரக்கு இப்போது ஊர் ஊருக்குப் பெருகியிருக்கிறது. தாத்தாவின் நூற்றாண்டு, குலதெய்வக் கோயில் குடமுழுக்கு, பெரிய வீட்டுப் பேரன் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று ஏதாவது ஒரு சாக்கு. வழவழப்பான தாள். முன்னுரையில் 'வேர்களைத் தேடி' என்று ஒரு பெருமூச்சு. உள்ளே பழைய புகைப்படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'இடமிருந்து வலம்' என்று பெயர் வரிசை. இலக்கிய விமர்சனம் இந்தச் சரக்கைத் தொடுவதில்லை. கவிதை, சிறுகதை, நாவல் என்று வந்தால்தான் கையில் எடுப்பது என்கிற மேட்டுக்குடிப் பழக்கம் நம்மிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஓர் ஊரின் வரலாறு என்று எழுத்தில் நிற்கப்போவது இந்த மலர்கள்தான். நாளைக்கு ஒரு மாணவன் அந்த ஊரைப் பற்றி ஆய்வேடு எழுதினால் அடிக்குறிப்பில் இதைத்தான் போடுவான். ஆகவே இதையும் ஒரு பிரதியாக எடுத்துவைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

நான் எடுத்துக்கொள்வது கீழத்தஞ்சையில் ஒரு மிராசுதாரர் குடும்பம் வெளியிட்ட மலர். அதிலும் ஒரே ஒரு பக்கம். மாலை போட்டு, சந்தனப் பொட்டு வைத்த ஒரு கார். அதற்கு முன்னால் நாலு நாற்காலி. நாலிலும் ஜிப்பாவும் அங்கவஸ்திரமுமாக நாலு பேர். நாலு பேருக்கும் பெயர், பட்டம், உறவுமுறை எல்லாம் போட்டிருக்கிறது. கடைசி வரி காரைப் பற்றியது. வெள்ளையர் காலத்தில் எங்கள் வட்டாரத்துக்கே முதலில் வந்த கார் இதுதான் என்கிறது அந்த வரி. படத்தின் வலது ஓரத்தில், முன்சக்கர மட்கார்டுக்குப் பக்கத்தில், ஒரு முழங்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆளைக் காணோம். படத்தை வெட்டியவர் கத்தியை இன்னும் அரை அங்குலம் உள்ளே தள்ளியிருந்தால் அதுவும் போயிருக்கும். ஆனால் காரின் ஹெட்லைட்டும் சேர்ந்து போயிருக்கும். ஹெட்லைட்டைக் காப்பாற்றப்போய் முழங்கையும் தப்பித்துவிட்டது.

அந்த முழங்கை யாருடையது என்று எனக்குத் தெரியும். என் தாத்தாவுடையது.

இதே படத்தின் முழுப் பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. அந்தப் பெரிய வீட்டின் பின்கட்டை இடித்தபோது கூலிக்குப் போன சித்தப்பா, கண்ணாடி உடைந்து குப்பையோடு கிடந்த சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதில் வலது ஓரம் வெட்டுப்படவில்லை. சட்டை இல்லாமல் ஒருவர் நிற்கிறார். வேட்டி முழங்காலுக்கு மேலே. துண்டு இடுப்பில். கைகட்டி, உடம்பைக் கொஞ்சம் குறுக்கி, காருக்கும் வேலிக்கும் நடுவில். அத்தை பார்த்ததும் 'அப்பா' என்றாள். வேறு எதுவும் பேசவில்லை. தாத்தாவுக்கு இதைத் தவிர வேறு படம் கிடையாது.

2

பழைய படத்தை வைத்து அதில் இருக்கிற காரை அடையாளம் காண்பது ஒரு தனி வித்தை. பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அந்த வித்தையின் மேல் மரியாதை உண்டு. ஒரு பிரதியை எப்படி நுணுகி வாசிப்பது என்று எம்.ஏ. வகுப்பில் சொல்லிக்கொடுத்ததைவிட அதில் ஒழுங்கு அதிகம்.

முதலில் முன்பக்கம். ஃபோர்டு மாடல் டி 1908இலிருந்து 1927வரை ஒன்றரைக் கோடி வண்டி வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ரேடியேட்டர் பித்தளையாக மின்னினால் 1916 அல்லது அதற்கு முந்தியது. 1917 மாடலில் அது கறுப்பாகிவிட்டது. ஹெட்லைட் தனியாகக் கம்பத்தில் நிற்கிறதா, மட்கார்டுக்குள் புதைந்திருக்கிறதா? கதவுக்குக் கீழே ஏறி மிதிக்க ஃபுட்போர்டு உண்டா? சக்கரத்துக்கு மர ஆரமா, கம்பி ஆரமா, வெறும் தகடா? முன்கண்ணாடி ஒரே துண்டா, நடுவில் பிரித்ததா? ஸ்டெப்னி பக்கத்திலா, முதுகிலா? கதவின் கீல் முன்னாலா, பின்னாலா? பானட்டின் பக்கவாட்டில் காற்றுப் போகிற வெட்டுகள் எத்தனை? சக்கரத்தில் நட்டு எத்தனை? இப்படி ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால், பிலிமைத் திருப்பிப் போட்டுப் படம் எடுத்துவிட்டார்களா என்று படத்தையே சந்தேகப்படுவார்கள். கம்பெனி வரலாற்றையும் பார்ப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார் பூட்டத் தொடங்கியது என்பது தெரிந்தால், ஒரு செவர்லே எப்படி ஒரு சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தது என்று யோசிக்க வழி கிடைக்கும்.

கடைசியில் ஒரு விதி. கார் பிறப்பதற்கு முன்னால் படம் பிறந்திருக்க முடியாது. பின்னால் எத்தனை வருஷம் கழித்தும் எடுத்திருக்கலாம், ஏனென்றால் நம் ஊரில் கார் ஐம்பது வருஷம் ஓடும். ஆகவே கார் சொல்வது கீழெல்லை மட்டும். மேலெல்லைக்கு வேறு சாட்சி வேண்டும். மாலையும் பொட்டுமாகப் புதுவண்டிப் பூசையில் எடுத்த படம் என்றால் இரண்டு எல்லையும் நெருங்கி வந்துவிடும்.

இவ்வளவு கறாரான முறை, காரின் விளிம்போடு நின்றுவிடுகிறது. சக்கர நட்டை எண்ணுகிற கண், அந்தச் சக்கரத்தைக் கழுவியவரைத் தாண்டிப் போய்விடுகிறது. இதைத் தனிப்பட்ட ஆள்களின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. காருக்கு ஆவணம் இருக்கிறது. சேஸிஸ் நம்பர் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, வரி கட்டிய ரசீது இருக்கிறது, கம்பெனி அச்சடித்த விளம்பரம் இருக்கிறது. பண்ணையாளுக்கு என்ன ஆவணம்? பண்ணைக் கணக்கு நோட்டில் நெல் கடன் வாங்கிய கணக்காக ஒரு பெயர். அந்த நோட்டும் பெரிய வீட்டில்தான் இருக்கும்.

3

பெரியப்பா நாற்பது வருஷம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒர்க்ஷாப்பில் இருந்தவர். படத்தை அவரிடம் கொடுத்தேன். ஆளைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காரைத்தான் பார்த்தார்.

"அம்பாசிடர் மாதிரி இருக்கு. ஆனா அம்பாசிடர் இல்லடா" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பானட்டப் பாரு, வழவழன்னு இருக்கு. அம்பாசிடர்னா பானட்டுல மேடும் பள்ளமுமா வரி ஓடும். பின் மட்கார்டு நுனி லேசாத் தூக்கியிருக்கும். இதுல ரெண்டும் இல்ல. முன்கண்ணாடியும் ஒரே துண்டு, அதனால அதுக்கு முந்தின வண்டியும் இல்ல. இது லேண்ட்மாஸ்டர்."

"வெள்ளைக்காரன் காலத்து வண்டின்னு மலர்ல போட்டிருக்கே பெரியப்பா."

"வெள்ளைக்காரன் கப்பலேறி ஏழு வருஷம் கழிச்சு வந்த வண்டிடா இது."

கணக்குச் சரிதான். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் வரிசையை வைத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1954இல் கொண்டுவந்தது லேண்ட்மாஸ்டர். அதற்கு முந்திய இந்துஸ்தான் 14க்கு முன்கண்ணாடி இரண்டு துண்டு. அதற்குப் பிந்தி, 1950களின் கடைசியில், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை வைத்து வந்ததுதான் 2014வரை ஓடிய அம்பாசிடர். புதுவண்டிப் பூசைப் படம் என்பதால் இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த நாலைந்து வருஷத்துக்குள் இந்தப் படத்தை நிறுத்திவிடலாம்.

மலரின் வரி பொய்யாகிறது என்பது சின்ன விஷயம். பெரிய வீட்டுக்காரர்கள் தங்கள் பெருமையை ஏழெட்டு வருஷம் முன்னால் தள்ளி, வெள்ளைக்காரனோடு ஒட்டவைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். என்னைப் பிடித்து உலுக்கியது வேறு. எங்கள் தெருவிலும் இந்தப் படத்தை வெள்ளைக்காரன் காலத்துப் படம் என்றேதான் சொல்லிவந்தோம். சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி நிற்பதெல்லாம் அந்தக் காலத்துக் கொடுமை, சுதந்திரம் வந்தது, போய்விட்டது என்று நமக்கு நாமே ஒரு ஆறுதல். மேல்சாதிக்காரரும் அதையே சொல்கிறார்: 'அதெல்லாம் அந்தக் காலம்.' இரண்டு பேரும் ஒரே தேதியை வேறு வேறு காரணத்துக்காக ஒத்துக்கொண்டிருந்தோம். பானட்டின் வழவழப்பு அந்த உடன்பாட்டைக் குலைத்துவிட்டது.

1950இல் அரசியல் சட்டம் வந்தாயிற்று. பதினேழாவது பிரிவு தீண்டாமையை ஒழித்தாயிற்று. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தாயிற்று. இவ்வளவுக்கும் பிறகு, காமிராக்காரர் 'அசையாதீங்க' என்று சொன்ன அந்த நொடியில், தாத்தாவின் துண்டு இடுப்பில்தான் இருக்கிறது. வெயிலுக்காக அப்படி நின்றார் என்று யாராவது சொன்னால், இராமநாதபுரம் மாவட்டத்தில் 1930இல் ஆதிக்க சாதியார் விதித்த தடைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று பட்டியல் போட்டார்கள். 1931 சென்சஸ் நடத்திய ஹட்டன் அதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். உடம்பில் துணி எங்கே தொடங்கி எங்கே முடியலாம் என்பது சாதி வகுத்த எல்லை. மலர் அச்சடித்தவர்கள் இதை உணர்ந்திருக்கலாம். இல்லாவிட்டால் கத்தி ஏன் சரியாக அந்த இடத்தில் இறங்க வேண்டும்?

பெரியப்பா காரைச் சொல்லி முடித்த பிறகுதான் ஆளைப் பார்த்தார். "அப்பா எவ்ளோ எளச்சிருக்காரு பாரு" என்றார்.

4

இந்த வாசிப்பை இன்னொரு நாட்டுப் படத்தில் சோதித்துப் பார்க்கலாம். கறுப்பர் கவிதைகளை நாம் மொழிபெயர்த்துப் படித்திருக்கிறோம். அவர்களுடைய புகைப்படங்களை அந்த அளவுக்குப் படிக்கவில்லை.

ஜேம்ஸ் வான் டெர் ஸீ நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஸ்டுடியோ வைத்திருந்த கறுப்பினப் புகைப்படக்காரர். கல்யாணம், சாவு, சங்கம், சர்ச் என்று அந்த மக்களின் வாழ்க்கையைப் படமெடுத்தவர். 1969இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஹார்லம் பற்றி ஒரு கண்காட்சி நடத்தியபோதுதான், எண்பது வயதுக்கு மேல், வெளியுலகுக்குத் தெரியவந்தார். அவர் 1932இல் எடுத்த ஒரு படம் மிகவும் பேர்போனது. ஹார்லம் 127ஆம் தெரு. பளபளக்கும் கெடிலாக் கார். திறந்த கதவோடு உள்ளே ஓர் ஆண், வெளியே நிற்கும் ஒரு பெண். இரண்டு பேரும் ரக்கூன் தோலில் செய்த கனமான கோட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்தப் படத்துக்கு வழங்குகிற தலைப்பில் கோட்டு என்ன தோல் என்று இருக்கிறது. கார் என்ன கம்பெனி என்று இருக்கிறது. தெருவின் எண் இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் 'ஜோடி', அவ்வளவுதான்.

ஆனால் இங்கே காரின் பெயர் வீண்போகவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போக முடியும். அந்தக் காலத்தில் கறுப்பருக்குக் கார் விற்பதில்லை என்பது கெடிலாக் கம்பெனியின் கொள்கை. பணம் படைத்த கறுப்பர்கள் ஒரு வெள்ளைக்காரருக்குக் காசு கொடுத்து, அவரை முன்னால் நிறுத்தி வாங்க வேண்டியிருந்தது. பொருளாதார மந்தத்தில் விற்பனை விழுந்து, கம்பெனியையே மூடலாமா என்ற நிலை வந்தபோது, சர்வீஸ் பிரிவில் இருந்த நிக்கோலஸ் டிரேஸ்டாட், அந்த இடைத்தரகுக் காசு நமக்கே வரட்டும் என்று வாதாடிக் கொள்கையை மாற்றவைத்தார் என்று பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். நீதிக்காக அல்ல, லாபத்துக்காகத் திறந்த கதவு அது. இது தெரிந்த பிறகு 1932ஆம் வருஷத்துப் படத்தில் அந்தக் கதவு திறந்திருப்பதைப் பாருங்கள். பணக்கார ஜோடியின் படாடோபம் என்று பார்த்த படம் வேறு ஒன்றாக மாறுகிறது. விற்க மறுத்த கடைக்கு முன்னால் போட்ட கையெழுத்தாக மாறுகிறது.

வண்டி அவர்களுக்கு வெறும் சொகுசு இல்லை. இனம் பிரித்து உட்காரவைத்த ரயில் பெட்டியிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் தப்பிக்க வழி. காரில் போனாலும் எந்த ஊரில் சோறு கிடைக்கும், எங்கே படுக்கலாம் என்று சொல்ல 1936இலிருந்து 'பச்சைப் புத்தகம்' என்று ஒரு வழிகாட்டி வர வேண்டியிருந்தது. பாபாசாகேபின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சின்னப் பையனாக, 1901இல், மாட்டு வண்டிக்காரர் தீட்டு என்று ஓட்ட மறுத்து, இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு பிள்ளைகளையே ஓட்டச் சொன்னது. 1929இல் சாலிஸ்கானில் டோங்காக்காரர்கள் மறுக்க, ஓட்டத் தெரியாத மகார் ஒருவர் ஓட்டி, வண்டி விபத்தாகிப் பாபாசாகேபின் கால் முறிந்தது. பாரிஸ்டர் ஆனாலும் வண்டிக்காரன் சாதி பார்ப்பான். வண்டியின் வரலாறு நமக்கு இப்படித்தான் இருக்கிறது.

வான் டெர் ஸீயின் இன்னொரு படத்தை, 1926இல் எடுத்த குடும்பப் படத்தை, பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் தன் 1980ஆம் வருஷப் புகைப்பட நூலில் வாசித்திருக்கிறார். பார்த்தைப் பின்பற்றி நாமும் பிரதி, வாசகன் என்று நிறையப் பேசியாயிற்று. அவரை முதலில் தொட்டது அந்தப் படத்துப் பெண்ணின் வார் வைத்த செருப்பு. அப்புறம் யோசித்து, செருப்பு இல்லை, கழுத்துச் சங்கிலி என்கிறார். அது அவருடைய அத்தையின் தங்கச் சங்கிலியை ஞாபகப்படுத்தியதாம். படத்தில் இருப்பது முத்துமாலை என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். கறுப்புப் பெண்ணின் கழுத்தைப் பார்க்கும்போதே கண் தன் வீட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. மிராசு வீட்டு மலர் செய்வதும் இதுதான். தன் குடும்பத்து ஏக்கத்தால் மற்றவர் படத்தை நிரப்பிவிடுகிறது. இந்த விஷயத்தில் பார்த்தைவிடப் பெரியப்பாவின் வாசிப்பு எனக்கு நம்பகமாகப் படுகிறது. அவர் பானட்டில் இருப்பதை மட்டும்தான் சொன்னார்.

5

காரை வைத்து எதை நிரூபிப்பது என்பதில் ஓர் அரசியல் இருக்கிறது. நம் மண்ணிலேயே அதற்கு உதாரணம் உண்டு.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும்தான் அதிகம். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது. எதிரிகள் அத்தனை பேரும் மிராசுதாரர்களாக இருப்பதே வியப்பாக இருக்கிறது. பெரும்பாலோர் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள். முதல் எதிரியிடம் கார் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து வந்து வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அதன் சாரம்.

திரும்பப் படியுங்கள். அந்தக் கார் எங்கேயும் ஓட வேண்டியிருக்கவில்லை. ஷெட்டில் நின்றபடியே சாட்சி சொல்லிவிட்டது. கார் வைத்திருப்பவன் நடக்க மாட்டான், நடக்காதவன் கொளுத்தியிருக்க மாட்டான். வண்டியிருப்பது ஒழுக்கத்துக்கு அத்தாட்சி என்று எழுதிய அந்த மனசுக்கும், வண்டியை வைத்துக்கொண்டு ஆளை வெட்டுகிற குடும்ப மலருக்கும் தூரம் அதிகமில்லை. இரண்டிலும் கார்தான் பெரிய மனுசன்.

தாத்தா படம் எடுத்துக்கொண்டு நின்ற அந்தப் புதுவண்டிப் பூசைக்கும் வெண்மணிக்கும் இடையே பதினைந்து வருஷம்கூட இல்லை. துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது, கூலி அரைப்படி கூடக் கேட்டது, கொடி பிடித்தது எல்லாம் அந்த இடைவெளியில்தான் நடந்தன. படத்தின் தேதி தெரிந்த பிறகுதான் அந்த மாற்றம் எவ்வளவு வேகமானது என்றும், அதற்கு எவ்வளவு கோபம் பதிலாக வந்தது என்றும் எனக்கு விளங்கியது. வெள்ளைக்காரன் காலத்துப் படம் என்று வைத்துக்கொண்டிருந்தவரை இது விளங்கவில்லை.

6

ஆகவே காரை அடையாளம் காண்கிற வித்தையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். நமக்குப் பத்திரம் கிடையாது, நாட்குறிப்பு கிடையாது. மற்றவர் படத்தின் ஓரத்தில்தான் நம் முன்னோர் நிற்கிறார்கள். டிரைவராக, கிளீனராக, குடை பிடிப்பவராக, பிள்ளை தூக்கிய ஆயாவாக. ஊர்ப் பெரிய வீடுகள் இடிபடுகிறபோது அங்கே கூலிக்குப் போவது நம் ஆள்கள்தான். குப்பையில் சட்டம் கிடந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். நகல் எடுத்தால் ஓரம்வரை எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். படத்தைப் பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள், அவர் வருஷம் சொல்வார். பிறகு தெருவில் மூத்த பெண்களிடம் கொண்டுபோங்கள், அவர்கள் ஆளைச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதிவையுங்கள். இந்த இரண்டு பேரும் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மலர் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரின் பெயரைக் கண்டுபிடிக்க நாலு பேரைக் கேட்கிறீர்கள். பக்கத்தில் நிற்பவரின் பெயரை அறிய உங்கள் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்து வந்தால் போதும். வர முடியவில்லையென்றால் 'பெயர் தெரியவில்லை' என்று போடாதீர்கள். 'கேட்கவில்லை' என்று போடுங்கள்.

இந்தக் கட்டுரையில் நானும் தாத்தாவின் பெயரை எழுதவில்லை என்று நண்பர் ஒருவர் கைப்பிரதியைப் படித்துவிட்டுக் கேட்டார். பெயரை எழுதினால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் மலர் யாருடையது என்று தெரியும். அத்தை இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். நடவுக்கு அவர்கள் வயலுக்குத்தான் போகிறாள். "எழுதட்டுமா?" என்று போனில் கேட்டேன். "அறுப்பு முடியட்டும்" என்றாள்.